'றிஸ்க்' என்ற சொல்லும் புலம்பெயர் தமிழ்த் தாய்மாரின் மகப்பேறும்

புலம்பெயர்ந்த நாடுகளில் கருவுறும் தமிழ்ப் பெண் ஒருத்தி மருத்துவமாதை முதன்முதலாகச் சந்திக்கச் செல்லும்போது, அவளைப் பற்றிய நீண்ட படிவம் ஒன்று நிரப்பப்படுகின்றது. வயது, உயரம், நிறை, பெற்றோருக்கு உள்ள நோய்கள், முன்னைய பேறுகள் ஆகியவற்றுடன் அவள் எந்த இனத்தைச் சேர்ந்தவள் என்பதும் அங்கே கேட்கப்படுகின்றது. இந்த விடைகளைக் கூட்டிப் பார்த்தே அவளது பேறுகாலத்தின் பாதை வகுக்கப்படுகின்றது. எத்தனை தடவை ஸ்கான் எடுப்பது, சீனிப் பரிசோதனை வேண்டுமா, மருத்துவமாதின் பொறுப்பில் இருப்பதா மகப்பேற்று நிபுணரின் பொறுப்பில் இருப்பதா, பிள்ளையை எங்கே பெறுவது, வலி தானாக வரும்வரை காத்திருப்பதா, மருந்து கொடுத்து வரவழைப்பதா என்ற வினாக்கள் அனைத்துக்கும் பின்னால் ஒரே சொல் நிற்கின்றது. அதுவே 'றிஸ்க்' என்ற சொல்.

இச்சொல்லைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் 'ஆபத்து' என்றே விளங்கிக் கொள்கின்றன. மருத்துவர் சொல்வதோ வேறு. ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு ஒன்று நிகழக்கூடும் என்ற கணக்கையே அவர் சொல்கின்றார். அந்தக் கணக்கு கணவன் வாயிலாகவோ மைத்துனி வாயிலாகவோ தமிழுக்கு வரும்போது, "பிள்ளைக்கு ஆபத்தாம்" என்ற ஒரே தொடராகச் சுருங்கி விடுகின்றது. அத்தொடரைக் கேட்ட தாய் அதன்பின் எதையும் கேட்கும் நிலையில் இருப்பதில்லை. கையொப்பம் இடச் சொன்ன இடத்தில் இடுகின்றாள். இன்னொரு வீட்டிலோ, "இந்த நாட்டு டொக்ரர்மார் எல்லாத்துக்கும் பயப்படுத்துவினம்" என்று சொல்லி, உண்மையிலேயே கவனிக்க வேண்டிய எச்சரிக்கையும் புறந்தள்ளப்படுகின்றது. முன்னையது அச்சம், பின்னையது அலட்சியம். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் சொல்லப்பட்டது விளங்காமை என்ற ஒரே காரணத்தினால் விளைபவை.

மகப்பேற்று மருத்துவத்தின் இடர்க் கணிப்பு எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கணிப்பு, தாய்க்கு விளங்கும் மொழியில், உரிய எண்ணோடும் ஒப்பீட்டோடும் சொல்லப்படாதவிடத்து அது கட்டளையாக மாறிவிடுகின்றது. அதனை முழுமையாகக் கேட்டு அறிந்து கொள்வது தமிழ்த் தாய்மாரின் உரிமை. அவ்வுரிமையைப் பெற்றுக் கொடுப்பது சமூகத்தின் கடமை.

எண் சொல்வது என்ன?

பிரித்தானியாவில் கருவின் தொடக்க மாதங்களில் டவுண் குறைபாட்டுக்கான பரிசோதனை எல்லாத் தாய்மாருக்கும் வழங்கப்படுகின்றது. 150 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலோ அதற்கு மேலோ கணிப்பு வருமாயின், அது உயர்ந்த வாய்ப்பு எனக் கொள்ளப்பட்டு மேலதிகப் பரிசோதனை பற்றிப் பேசப்படும். 150 பேரில் ஒருவர் என்பதன் பொருள், அதே கணிப்பைப் பெற்ற 150 தாய்மாருள் 149 பேரின் பிள்ளைகளுக்கு அக்குறைபாடு இராது என்பதாகும். இந்த மறுபாதி பல குடும்பங்களின் காதில் விழுவதில்லை.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், பிரித்தானிய சுகாதார சேவையே இப்பரிசோதனையில் 'றிஸ்க்' என்ற சொல்லைக் கைவிட்டு, 'வாய்ப்பு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கையாளத் தொடங்கியுள்ளமை ஆகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே அச்சொல் தேவையின்றி அச்சுறுத்துகின்றது என உணரப்பட்டதன் விளைவு இது. அவ்வாறாயின், அச்சொல்லை 'ஆபத்து' என்று கேட்கும் தமிழ்த் தாயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

'இருமடங்கு' என்ற சொல்லும் இத்தகையதே. இரண்டு மடங்கு என்று கேட்டவுடன் நெஞ்சு பதறும். ஆனால் எதன் இரண்டு மடங்கு என்பதே முதன்மையான வினா. ஆயிரத்தில் ஒன்று ஆயிரத்தில் இரண்டாவதும் இருமடங்குதான். பத்தில் ஒன்று பத்தில் இரண்டாவதும் இருமடங்குதான். முன்னதிலும் பின்னதிலும் ஒரு தாய் எடுக்கக்கூடிய முடிவு ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

கோடு கீறுபவர் யார்?

தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஐரோப்பியப் பெண்களைவிட அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. அதனாலேயே இலண்டனிலும் ஒஸ்லோவிலும் தமிழ்த் தாய்மார் 75 கிராம் குளுக்கோசுக் கரைசலைக் குடித்துவிட்டு இரண்டு மணிநேரம் காத்திருக்குமாறு கேட்கப்படுகின்றனர்.

பிரித்தானிய வழிகாட்டலின்படி, வெறும் வயிற்றில் 5.6 மில்லிமோல் அல்லது இரண்டு மணிநேரத்தின் பின் 7.8 மில்லிமோல் என்ற அளவை எட்டினால் அது கர்ப்பகால நீரிழிவு. நோர்வேயின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி அந்த அளவுகள் முறையே 5.3, 9.0 ஆகும். இரு சகோதரிகளை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மணிநேரத்தின் பின் 8.2 என்ற அளவைப் பெற்ற அக்கா இலண்டனில் நீரிழிவு உள்ளவள். அதே அளவுடன் ஒஸ்லோவில் இருந்தால் அவ்வளவைக் கொண்டு அவளை அப்படிச் சொல்லார். வெறும் வயிற்றில் 5.4 என்ற அளவைப் பெற்ற தங்கை ஒஸ்லோவில் நீரிழிவு உள்ளவள். இலண்டனில் அவ்வளவு மட்டும் போதாது. உடல் மாறவில்லை, எல்லைக்கோடே மாறியது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரும் ஆய்வு, தாயின் இரத்தத்தில் சீனி கூடக் கூடப் பிள்ளை பெருத்துப் பிறத்தல் போன்ற விளைவுகளும் படிப்படியாகக் கூடுகின்றன என்று காட்டியது. இந்த அளவுக்குக் கீழே நலம், இதற்கு மேலே நோய் என்று பிரித்துக் காட்டும் இயற்கையான எல்லை எதுவும் அங்கே தென்படவில்லை. ஆதலால் ஒவ்வொரு நாட்டின் வல்லுநரும், எத்தனை தாய்மாருக்கு மருத்துவம் அளிக்க வேண்டும், அதனால் வரும் நன்மை எவ்வளவு, சுமை எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்துத் தமக்குரிய கோட்டைக் கீறிக் கொண்டனர்.

கோடு மனிதர் கீறியது என்பதனால் நோய் பொய்யாகி விடாது. கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம் என்று 2009இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிட்டது என்று எண்ணி, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனையைக் கைவிடுவது தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நிகழும் தவறு. அதேவேளை, கோட்டை ஒட்டி நிற்கும் தாய் தன்னைப் பெருநோயாளி என்று எண்ணிக் கலங்க வேண்டியதும் இல்லை. உணவு மாற்றத்தாலும் நடையாலும் பலருக்கு இது கட்டுப்படும். அந்த உணவு மாற்றம் பாணையும் பஸ்ராவையும் பற்றிப் பேசும் துண்டுப்பிரசுரத்தோடு நின்றுவிட்டால், புட்டும் இடியப்பமும் சோறும் உண்ணும் தாய்க்கு அதனால் என்ன பயன்? எவ்வளவு புட்டு, எதனோடு, எந்நேரத்தில் என்று சொல்லும் ஆலோசனையே அவளுக்கு மருந்து.

இனம் ஓர் அளவுகோல் ஆகும்போது

பிரித்தானியாவில் தாய்மாரின் இறப்புகள் 1950களில் இருந்து இரகசியம் பேணும் விசாரணைகள் மூலம் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு வருகின்றன. 2020 முதல் 2022 வரையான காலத்தில் இவ்விறப்பு ஒரு இலட்சம் தாய்மாருக்கு 13 என்ற அளவில் இருந்தது. வெள்ளையினத் தாய்மாரோடு ஒப்பிடுகையில் ஆசியத் தாய்மாரின் இறப்பு ஏறத்தாழ இருமடங்காகவும், கறுப்பினத் தாய்மாரின் இறப்பு அதனினும் அதிகமாகவும் உள்ளமை மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. மொத்த எண்ணிக்கை சிறியது. இலட்சத்துக்கு 13 என்பதன் இருமடங்கை எடுத்துக் கொண்டாலும், பத்தாயிரம் தாய்மாருள் 9,997 பேர் உயிரோடு இருப்பர். ஆயினும் வசதியும் மருத்துவமும் நிறைந்த ஒரு நாட்டில் இனத்தைப் பொறுத்து இவ்வாறான இடைவெளி நிலவுவது நியாயம் ஆகாது.

இந்த இடைவெளிக்கு என்ன மருந்து என்பதிலேயே கருத்து மாறுபாடு எழுந்தது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம், 2021 மே மாதத்தில் வலி வரவழைத்தல் பற்றிய வரைவு ஒன்றை வெளியிட்டது. வேறு சிக்கல் எதுவும் இல்லாவிடினும், கறுப்பின, ஆசிய, சிறுபான்மை இனப் பெண்களுக்கு 39ஆம் வாரத்திலேயே மருந்து கொடுத்து வலி வரவழைப்பதைக் கருத்திற் கொள்ளலாம் என அவ்வரைவு முன்மொழிந்தது. 35 வயதுக்கு மேற்பட்டோர், உடற்பருமன் உடையோர், செயற்கைமுறையில் கருவுற்றோர் ஆகியோரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர்.

இம்முன்மொழிவு வெற்றிடத்தில் இருந்து வந்தது அன்று. இலண்டன் பகுதியில் 122,000க்கும் மேற்பட்ட பேறுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, ஆசிய, கறுப்பினத் தாய்மாரின் இயல்பான பேறுகாலத்தின் நடு அளவு 39 வாரம் என்றும், வெள்ளை ஐரோப்பியத் தாய்மாருக்கு அது 40 வாரம் என்றும் கண்டது. ஆயினும் மருத்துவமாதரும் தாய்மார் அமைப்புகளும் வரைவைக் கடுமையாக எதிர்த்தனர். தோலின் நிறத்தை நோயாக்குவது சரியா, தாய்மார் இறப்பதற்குக் காரணம் அவர்களின் உடலா, அவர்களின் குரல் கேட்கப்படாமையா என்ற வினாக்கள் எழுந்தன. 2021 நவம்பரில் வெளியான இறுதி வழிகாட்டலில் அப்பரிந்துரை நீக்கப்பட்டிருந்தது. மாறாக, இவ்வினத் தாய்மாருக்குச் சிக்கல் வாய்ப்பு சற்று அதிகம் என்பதை எடுத்துரைத்துக் கலந்து பேசுவதும், மேலும் ஆய்வு செய்வதும் வேண்டும் என்று கூறப்பட்டது.

இந்நிகழ்வில் இருந்து தமிழர் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 'ஆசியர்' என்ற ஒரு கட்டத்துள் சிலெட்டில் இருந்து வந்தவரும், பஞ்சாபில் இருந்து வந்தவரும், வல்வெட்டித்துறையில் இருந்து வந்தவரும், ஹரோவில் பிறந்து வளர்ந்தவரும் ஒன்றாக அடக்கப்படுகின்றனர். வறுமை, வசிப்பிடம், மொழித் தடை, குடிவரவு நிலை, வேலைச் சுமை ஆகிய அனைத்தும் 'இனம்' என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்து விடுகின்றன. அவற்றுள் மொழித் தடை போன்ற சில மாற்றக்கூடியவை. மாற்றக்கூடியதை மாற்றாமல், மாற்ற முடியாத இனத்தைக் காரணம் காட்டி எல்லோருக்கும் ஒரே மருந்தைப் பரிந்துரைப்பது எளிய வழி. சரியான வழி என்று சொல்வதற்கில்லை.

பிள்ளையின் நிறை பற்றிய கணிப்பிலும் இதே சிக்கல் உண்டு. பிரித்தானியாவில் பரவலாக உள்ள ஒரு முறையில், தாயின் உயரம், நிறை, இனம் ஆகியவற்றைக் கொண்டு அவளுக்கென்றே வளர்ச்சிக் கோடு வரையப்படுகின்றது. அதனால் சிறிய உடற்கட்டுள்ள தமிழ்த் தாயின் நலமான பிள்ளையைக் குறைவளர்ச்சி என்று தவறாகக் கொள்வது குறையும். மறுபுறம், தெற்காசியப் பிள்ளை சிறிதாக இருப்பது இயல்பே என்று விட்டுவிட்டால், உண்மையில் வளர்ச்சி குன்றும் பிள்ளை கவனிக்கப்படாமல் போகலாம் என்றும் வல்லுநர் எச்சரிக்கின்றனர். இனம் என்ற அளவுகோல் இரு பக்கமும் வெட்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மிகையும் குறையும்

இடர் பற்றிய எண்ணம் மிகுந்தால் என்ன நிகழும்? வலியின்போது பிள்ளையின் இதயத் துடிப்பை இடைவிடாது பதியும் கருவியை எடுத்துக்கொள்வோம். 37,000க்கும் மேற்பட்ட தாய்மார் பங்குபற்றிய ஆய்வுகளின் தொகுப்பு, இடையிடையே காதால் கேட்டுக் கணிப்பதோடு ஒப்பிடுகையில், இக்கருவியால் பிறந்த பிள்ளைக்கு வலிப்பு ஏற்படுவது பாதியாகக் குறைந்தது என்றும், பிள்ளை இறப்பிலோ மூளை முடக்குவாதத்திலோ தெளிவான வேறுபாடு காணப்படவில்லை என்றும், சத்திரசிகிச்சை மூலமான பேறு அதிகரித்தது என்றும் கண்டது. இங்கிலாந்தில் 2013-14இல் 26 வீதமாக இருந்த சீசேரியன் பேறு 2023-24இல் 42 வீதமாக உயர்ந்துள்ளது. மக்கள்தொகை அளவில் அது பத்து வீதத்தைத் தாண்டிய பின் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்திருந்தது. தாய்மாரின் வயதும் உடல்நிலையும் விருப்பமும் மாறியுள்ளமையும் இவ்வுயர்வுக்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் எதிர்பாராத தீங்கைவிட எதிர்பார்த்த கத்தியே மேல் என்ற எண்ணமும் அதில் பங்கு வகிக்கின்றது.

இடர் பற்றிய எண்ணம் குறைந்தால் என்ன நிகழும் என்பதற்கும் இங்கிலாந்திலேயே சான்று உண்டு. சுரூஸ்பரி, ரெல்போட் பகுதி மகப்பேற்றுச் சேவை பற்றி டொனா ஒக்கென்டன் தலைமையில் நடந்த விசாரணை 1,486 குடும்பங்களின் அனுபவங்களை ஆராய்ந்து 2022 மார்ச்சில் அறிக்கை தந்தது. தக்க பராமரிப்பு கிடைத்திருப்பின் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்று அது கூறியது. சீசேரியன் எண்ணிக்கையைத் தாழ்வாக வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதிய மனப்போக்கும், தாய்மார் சொன்னதைக் கேளாமையும் அங்கே வெளிப்பட்டன. அவ்வாண்டு பெப்ரவரியில், சீசேரியன் வீதத்தைக் கொண்டு மருத்துவமனையின் தரத்தை அளப்பதை நிறுத்துமாறு இங்கிலாந்து சுகாதார சேவை அறிவுறுத்தியிருந்தது.

ஆகவே, "இயற்கையாகப் பெறுவதே நல்லது" என்ற முழக்கமும், "வெட்டி எடுப்பதே பாதுகாப்பு" என்ற நம்பிக்கையும் தாயை விட்டுவிட்டுக் கொள்கையைப் பிடித்துக் கொள்பவை. எந்தத் தாய்க்கு, எந்த வாரத்தில், எந்த நிலையில் என்ற கேள்விக்கே விடை தேட வேண்டும்.

நீதிமன்றம் கூறியவை

இடரைப் பற்றி அறியும் உரிமை தாய்க்கு உண்டு என்பதைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் மொன்கொமரி வழக்கில் ஐயத்துக்கிடமின்றி உரைத்தது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அத்தாய் உயரம் குறைந்தவர், நீரிழிவு உள்ளவர். அவ்வாறான தாய்க்குப் பிரசவத்தின்போது பிள்ளையின் தோள் சிக்கிக் கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 வீதம். பிள்ளை பெரிதாக இருக்குமோ என்று அவர் கவலை தெரிவித்தும் இது அவருக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் தாய்மார் எல்லோரும் சீசேரியன் கேட்பர் என்பதே கூறப்பட்ட காரணம். 1999இல் பிறந்த பிள்ளை தோள் சிக்கியதால் மூளை முடக்குவாதத்துக்கு உள்ளானான். எது சொல்லத்தக்க இடர் என்பதை மருத்துவர் மட்டும் தீர்மானிக்க முடியாது, அத்தாயின் நிலையில் உள்ள ஒருவர் எதனை முக்கியம் என்று கருதுவாரோ அது சொல்லப்பட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதைவிடத் தமிழருக்கு நெருக்கமான வழக்கு ஒன்று இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் 2018இல் தீர்க்கப்பட்டது. இலங்கையில் இருந்து வந்த, ஆங்கிலம் அறியாத தமிழ்த் தாய் ஒருவர் 2009இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் தலைப்பிள்ளையைப் பெற்றார். பிறக்கும்போது பிள்ளை நலம். பாலூட்டல் எத்துணை இன்றியமையாதது, பிள்ளை குடிக்காவிட்டால் என்ன நிகழும், எப்போது உதவி கேட்க வேண்டும் என்பவை அவருக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை. உரைபெயர்ப்பாளர் இல்லை. வீடு சென்ற பிள்ளையின் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கி மூளை மீளாப் பாதிப்புக்கு உள்ளானது. விளங்கும் மொழியில் அறிவுறுத்தாமை கவனயீனமே என்று நீதிமன்றம் கண்டது.

அந்தத் தாயின் பெயருக்கு எதிரே எத்தனை கட்டங்கள் இடப்பட்டிருந்தாலும், அவருக்கு இருந்த மிகப்பெரிய இடர் எந்தப் படிவத்திலும் உரிய இடத்தைப் பெறவில்லை. மொழி விளங்காமையே அந்த இடர். அதற்கு மருந்தும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை. தமிழில் பேசக்கூடிய ஒருவர் சில நிமிடங்கள் தொலைபேசியில் இருந்திருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

தாயகத்தில் கிடைத்த பாடம்

விளங்கும் மொழியில் மருத்துவம் என்பது தமிழருக்குப் புதிது அன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றோடு மகப்பேற்று மருத்துவ நூலும் அவரது முயற்சியால் தமிழுக்கு வந்தது.

இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000 என்ற அளவில் இருந்த தாய்மார் இறப்பு, அந்நூற்றாண்டு முடிவதற்குள் நூற்றுக்கும் வெகுவாகக் கீழே இறங்கியது. வறிய நாடு ஒன்று இதனைச் சாதித்தமை உலக அளவில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது. மலேரியா ஒழிப்பு, இலவச மருத்துவம், பெண்கல்வி ஆகியவற்றோடு, கிராமம் தோறும் சென்ற பயிற்சி பெற்ற மருத்துவமாதின் பங்கும் இதில் பெரிது. அவளும் இடரைக் கணித்தாள். கால் வீக்கம், குருதியமுக்கம், முன்னைய பேற்றில் ஏற்பட்ட இரத்தப்போக்கு ஆகியவற்றைக் குறித்து வைத்து, வேண்டியவரை வேண்டிய நேரத்தில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினாள். ஆனால் அவள் அதைத் தாயின் வீட்டுத் திண்ணையில் இருந்து, தாயின் மொழியில், மாமியாரும் கேட்கும்படி சொன்னாள். புலம்பெயர்ந்த நாட்டில் கருவிகள் கூடியுள்ளன. அந்த உரையாடல் பல வீடுகளில் இல்லாமற் போயுள்ளது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற வேண்டும். இங்கிலாந்தின் சுகாதார சேவையில் அதற்குத் தாய் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. தாய்மார் இறப்பு பற்றிய 2011ஆம் ஆண்டு அறிக்கை, தொழில்முறை உரைபெயர்ப்பைத் தனது முதன்மைப் பரிந்துரைகளுள் ஒன்றாக வைத்தது. நோர்வேயில் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், பொதுச்சேவைகளில் சிறுவரை உரைபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. பதினான்கு வயது மகளை அழைத்துச் சென்று தாயின் இரத்தப்போக்கைப் பற்றிப் பேச வைப்பது அம்மகளுக்கும் கொடுமை, தாய்க்கும் தீங்கு. கணவன் நல்ல நோக்கத்தோடு சென்றாலும், தான் சொல்லக் கூசுவதையும் தனக்கு விளங்காததையும் விட்டுவிடக்கூடும். வீட்டில் வன்முறை நிகழுமாயின் தாய் அதனை ஒருபோதும் வெளியிட முடியாது.

இரண்டாவதாக, கேட்க வேண்டியவற்றைக் கேட்க வேண்டும். "என்னைப் போன்ற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது நிகழும்? இதைச் செய்தால் அது எத்தனையாகக் குறையும்? செய்வதனால் வரும் தீங்கு என்ன? வேறு வழி உண்டா? ஒரு நாளோ ஒரு கிழமையோ பொறுத்தால் என்ன?" என்பவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. மருத்துவரைக் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பது என்ற எண்ணத்தைத் தமிழ்ப் பெற்றோர் கைவிட வேண்டிய காலம் இது. நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார். விடையைக் கேட்டபின் மருத்துவர் சொன்னதையே செய்யத் தாய் முடிவெடுக்கலாம். அப்போது அது அவளுடைய முடிவு.

மூன்றாவதாக, கேட்பதற்கு நேரம் இல்லாத வேளைகளும் உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். பிள்ளையின் அசைவு குறைதல், இரத்தப்போக்கு, கண் மங்கலோடு கூடிய கடும் தலைவலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திராமல் உடனே மகப்பேற்றுப் பிரிவை அழைக்க வேண்டும். "பிள்ளை நித்திரையாக்கும்" என்று சொல்லும் அயலவரின் ஆறுதல் அந்த அழைப்புக்கு ஈடாகாது.

நான்காவதாக, இளையோரின் பங்கு. இரு மொழியும் அறிந்த தலைமுறை வளர்ந்து நிற்கின்றது. அவர்களுள் மருத்துவர், தாதியர், மருத்துவமாதர், புள்ளியியல் கற்றோர் பலர் உள்ளனர். கோயில் திருவிழாவிலும் தமிழ்ப் பாடசாலையிலும் ஒரு மணிநேரம் ஒதுக்கி, கருவுற்ற தாய்மாருக்கும் அவர்களின் மாமிமாருக்கும் இவ்வெண்களைத் தமிழில் விளக்குவது அவர்களால் இயலும். றிஸ்க் என்பதை 'ஆபத்து' என்று சொல்லாது, 'நிகழக்கூடிய வாய்ப்பு' என்று சொல்லி, கூடவே நூறு பேரின் படத்தை வரைந்து காட்டினால் எழுதப் படிக்க அறியாத பாட்டியும் விளங்கிக் கொள்வார்.

இறுதியாக, அமைப்புகளின் கடமை. 'ஆசியர்' என்ற கட்டத்துள் தமிழர் கரைந்து விடுவதனால், தமிழ்த் தாய்மாரின் உண்மை நிலை என்ன என்பதை எவரும் தனியாக அளப்பதில்லை. பேச்சுமொழியைப் பதிவு செய்யவும், உரைபெயர்ப்பாளர் தேவை என்பதை மருத்துவக் குறிப்பின் முதற் பக்கத்திலேயே எழுதவும், வழிகாட்டல் வரைவுகள் கருத்துக்கு விடப்படும்போது தமிழ்த் தாய்மாரின் கருத்தைச் சமர்ப்பிக்கவும் தமிழ் அமைப்புகள் முன்வர வேண்டும். 2021இல் வரைவு ஒன்று மாறியது, அதைப் படித்தவர்கள் எழுந்து பேசியதனால்தான். அடுத்த வரைவு வரும்போது, பேசுவோர் வரிசையில் தமிழ்த் தாய்மாரும் இருத்தல் வேண்டும்.